வருவது மட்டும் பரிமாற்றமாகுமா?

உலகத்துப் பல்கலைக் கழகங்களில் இன்று ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. விளைச்சலும் வேண்டும், இயற்கையும் அழியக்கூடாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி என்பதை மாணவர்கள் நாடு விட்டு நாடு சென்று, ஒருவர் மண்ணை ஒருவர் மிதித்து, ஒருவர் அனுபவத்தை ஒருவர் கேட்டுப் படிக்க வேண்டும் என்பதே அந்தப் பேச்சு.

நல்ல பேச்சு. அதிலே நமக்கு மாறுபாடு இல்லை.

இது இன்று நேற்று முளைத்த எண்ணமும் அல்ல. 1957ஆம் ஆண்டிலேயே துனிஸ் நகரில் கூடிய வேளாண் மாணவர்கள், தங்களுக்கென ஒரு சர்வதேசச் சங்கம் கண்டார்கள். 1971இல் யுனெஸ்கோ நிறுவனம் ‘மனிதனும் உயிர்க்கோளமும்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கிற்று. உழுகிறவனையும் வலை வீசுகிறவனையும் ஊரைவிட்டு விரட்டாமலேயே காட்டையும் கடலையும் காப்பது எப்படி என்று ஆராய்வதுதான் அந்தத் திட்டத்தின் உயிர்நாடி. 2017இல் இத்தாலி நாட்டின் போ ஆற்று முகத்துவாரத்தில், அந்தத் திட்டத்தைச் சேர்ந்த பகுதிகளின் இளைஞர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து கூடி முதன்முதலாக ஒரு மாநாடே நடத்தினார்கள்.

அந்த உலகப் பட்டியலில் நம்முடைய மன்னார் வளைகுடாவும் இருக்கிறது என்பதை எத்தனை தோழர்கள் அறிவார்கள்? இராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் இந்தக் கடல், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறிற்று. 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது.

பட்டியலில் ஊரின் பெயர் ஏறிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் கேட்கிறோம்: ஊரின் பெயர் போன இடத்துக்கு ஊரின் பிள்ளை போனானா? பாம்பனிலே பாசி எடுக்கும் தாயின் மகள் போனாளா? முதுகுளத்தூரிலே மிளகாய் பயிரிடும் தகப்பனின் மகன் போனானா?

ஒருவன் பரிமாறிக்கொண்டே இருக்கிறான். இன்னொருவன் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இலை மாறுவதே இல்லை என்றால் அதற்குப் பெயர் பந்தி. பரிமாற்றம் என்று அதை எப்படிச் சொல்வது?

நூறாண்டுப் பந்தி

இராமநாதபுரம் சீமை என்றால் வறட்சி, பஞ்சம், தண்ணியில்லாக் காடு என்று பேசிப் பழகிவிட்டார்கள். அரசாங்க ஊழியரைத் தண்டிக்க வேண்டுமானால் இங்கே மாற்றுவார்கள் என்ற பழிச்சொல்லும் இந்தச் சீமைக்கு உண்டு. ஆனால் உயிரியல் படித்தவர்களுக்கு இந்தக் கரை எப்போதுமே சொர்க்கம்தான்.

பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவு என்று ஒரு சின்னத் தீவு. பவளப் பாறையும், கடல் பஞ்சும், நட்சத்திர மீனும், முதுகெலும்பு உண்டா இல்லையா என்று விஞ்ஞானிகளையே திகைக்க வைக்கும் புழுவினமும் அதன் கரையோர நீரில் வாழ்கின்றன. 1927இலேயே மதராஸ் மியூசியம் அந்தத் தீவின் உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடே கொண்டுவந்தது. அன்றிலிருந்து எத்தனையோ கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் மண்டபத்தில் இறங்கினார்கள், படகேறினார்கள், பாட்டில்களில் உயிரினங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள், பட்டம் பெற்றார்கள்.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பிறகு மண்டபத்திலே அமைந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது. கிளை இங்கே இருக்கிறது. கடற்பாசியை ஆராயும் மத்திய நிலையமும் மண்டபத்திலே இருக்கிறது. உவர் நிலத்தில் பயிர் செய்வதை ஆராயும் வேளாண் பல்கலைக் கழக மையம் இராமநாதபுரத்திலே இருக்கிறது. அழகப்பா பல்கலைக் கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலே இருக்கிறது.

அறிவுக்கூடங்களுக்குக் குறைவில்லை. படகோட்டியவர் யார்? எந்தப் பாறைக்கு அடியில் எது இருக்கும் என்று காட்டியவர் யார்? எந்த மாதம் எந்தக் காற்று, எந்த நீரோட்டம் என்று சொல்லிக்கொடுத்தவர் யார்? உள்ளூர்ப் பரவரும், கடையரும், மரைக்காயரும், வலையரும்தான். புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் அவர்கள் அறிவு இல்லை. அவர்கள் கரையிலே செய்த ஆராய்ச்சியின் முடிவை அவர்கள் மொழியிலே, அவர்கள் தெருவிலே வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு.

ஆராய்ச்சி வேண்டாம் என்பதா நம் கட்சி? இல்லை. விஞ்ஞானம் இல்லாமல் உழைப்பாளிக்கு விடிவில்லை. விஞ்ஞானம் உழைப்பாளியின் தோளில் ஏறிக் கரை சேர்ந்துவிட்டு, திரும்பிப் பாராமல் போகக்கூடாது என்பதுதான் நம் வாதம்.

வந்து தங்கிய விருந்தாளிகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. இந்தச் சீமைக்கு வெளிநாட்டிலிருந்து நான்கு விருந்தாளிகள் வந்தார்கள். மூன்று நாளில் போகவில்லை. குடியேறிவிட்டார்கள். அந்த நான்கு கதைகளையும் அறிந்தால், மாணவர் பரிமாற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதல் விருந்தாளி ஒரு மரம். அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களைச் சேர்ந்த சீமைக் கருவேலம். வெள்ளைக்காரன் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டிலே இந்தியாவுக்குள் வந்தது. விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும், மழையில்லாவிட்டாலும் வளரும் என்று சொல்லிப் பரப்பினார்கள். வளர்ந்தது! கண்மாயில் வளர்ந்தது, வரத்துக் காலில் வளர்ந்தது, தரிசில் வளர்ந்தது, இரண்டு வருடம் உழாத புன்செய்யில் வளர்ந்தது. இன்று அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்று 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிடும் அளவுக்கு வந்துவிட்டது. சரி, பிடுங்கலாம். ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டு, மூட்டை கட்டி விற்றுத்தானே கமுதியிலும் முதுகுளத்தூரிலும் கடலாடியிலும் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பேற்றின? மரத்தைப் பிடுங்குகிற நாளில் அந்தக் கூலியாளுக்கு மாற்று வேலை என்ன? மரத்தைக் கொண்டுவந்தவனும் அவனைக் கேட்கவில்லை. பிடுங்கச் சொல்கிறவனும் கேட்கவில்லை.

இரண்டாவது விருந்தாளி ஒரு வலை. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டு கேரளத்துக் கொல்லம் கரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கிற்று. 1960களில் அது மண்டபம் வரை நீண்டது. மீனவன் வாழ்வை உயர்த்துவதே நோக்கம் என்றார்கள். நோக்கத்திலே பழுதில்லை. ஆனால் விசைப்படகும், கடலடியைச் சுரண்டும் இழுவை மடியும் பெருகின. இறால் கண்ட இடத்தில் பணம் கண்டவர்கள் முதல் போட்டார்கள். குஞ்சு மீனும் கடல் புல்லும் மடியிலே அள்ளிக்கொண்டு வந்தன. நாட்டுப்படகுக்காரனின் வலை அறுந்தது. கரையிலே அடிதடி நடந்தது. கடைசியில், விசைப்படகுக்கு வாரத்தில் சில நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாவது விருந்தாளி ஒரு பாசி. பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசி, 1984இல் ஜப்பானிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஐஸ்கிரீம், பற்பசை முதலியவற்றில் சேரும் கராஜீனன் என்ற பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் பெப்சி நிறுவனம் இதில் இறங்கிற்று. மூங்கில் மிதவை கட்டி, மகளிர் குழுக்கள் பயிரிட்டன. ‘பெப்சி பாசி’ என்றே ஊரில் பெயராயிற்று. வருமானம் வந்தது உண்மை, மறைப்பதற்கில்லை. ஆனால் 2008இல், அதே குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதினார்கள். 2013இல் கடல்நீர் சூடேறியபோது மிதவைகளிலிருந்த பாசியே கொத்துக் கொத்தாய் மடிந்தது. பவளத்துக்கும் கேடு, பயிரிட்டவளுக்கும் நட்டம். 

நான்காவது விருந்தாளி ஒரு தொழில்முறை. கிழக்காசிய நாடுகளில் பெருகிய தீவிர இறால் வளர்ப்பு 1990களில் நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. நெல் விளைந்த நிலத்திலே உவர் நீர் தேங்கிற்று. குடிதண்ணீர்க் கிணறு கரித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலுள்ள இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்றும், வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு நட்டஈடு தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் 2005இல் தனிச் சட்டமும் தனி ஆணையமும் வந்து, பதிவு என்ற வாசல் வழியே பண்ணைகள் மறுபடியும் உள்ளே வந்தன. 2009க்குப் பின் பசிபிக் கரையின் வனாமி இறாலுக்கும் அனுமதி கிடைத்தது.

மரம், வலை, பாசி, பண்ணை. நான்கும் அறிவின் பெயரால் வந்தவை. நான்கிலும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் யாருமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் நான்கிலும் நடந்தது ஒன்றுதான். வெளியே இருந்து வந்தவன் சொன்னான். உள்ளே இருந்தவன் கேட்டுக்கொண்டான். இலாபம் மேலே ஏறிற்று. நட்டம் கீழே இறங்கிற்று. ‘இது எங்கள் ஊருக்குப் பொருந்துமா, வேறு நாட்டிலே இது என்ன செய்தது, அந்த நாட்டுக் கூலிக்காரனைக் கேட்டுப் பார்த்தீர்களா?’ என்று எதிர்க்கேள்வி போட நம் பக்கத்தில் ஆளில்லை. பிலிப்பைன்ஸுக்குப் போய்ப் பாசி பயிரிடும் பெண்ணோடு பேசிவிட்டு வந்த பாம்பன் பெண் ஒருத்தி அன்று இருந்திருந்தால், ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைக்கும் முன்னே நாலு கேள்வி கேட்டிருப்பாள் அல்லவா?

மாணவர் பரிமாற்றம் நமக்கு ஏன் தேவை என்றால், இந்த எதிர்க்கேள்வி கேட்கும் ஆளை உண்டாக்குவதற்காகத்தான்.

காக்க வந்தவர்களும் கேட்கவில்லை

‘அப்படியானால் இயற்கையைக் காக்க வந்த சட்டங்கள் உழைப்பாளிக்கு நன்மை செய்தனவோ?’ என்று ஒரு தோழர் கேட்கலாம். அதையும் பார்ப்போம்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள நீரும், 560 சதுர கிலோமீட்டர், கடல் தேசியப் பூங்கா ஆயின. தேவை இல்லாமல் வந்த சட்டம் அல்ல. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி வெட்டி, தீவுகளில் இரண்டு நீருக்குள்ளேயே போய்விட்டன. பவளம் போனால் மீன் போகும். மீன் போனால் மீனவன் எங்கே போவான்? ஆகவே காப்பு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் சட்டம் போட்டவர்கள் ஒருத்தியை மறந்தார்கள். பாசி எடுக்கும் பெண்ணை மறந்தார்கள். சின்னப்பாலம் முதலிய கரையோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தீவுக்குப் போய், மூச்சைப் பிடித்து நீரில் மூழ்கி, மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டைக்கோரையும் பறித்து வருகிறார்கள். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, பாறை கிழித்த காயத்தோடு கரையேறுகிற உழைப்பு அது. அகர் செய்யும் ஆலைகளுக்குக் கச்சாப்பொருள் அந்தப் பெண்களின் கையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில், நேற்றுவரை பிழைப்பாயிருந்தது குற்றமாயிற்று. கட்டுக்காவல் கடுமையான பின், படகைப் பிடித்தார்கள், பாசியைப் பறித்தார்கள்.

அவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குள் உட்காரவில்லை. சங்கம் கண்டார்கள். கூடிப் பேசினார்கள். மாதத்தின் எல்லா நாளும் இறங்குவதில்லை என்றும், பாசி மறுபடி தழைக்கக் காலம் விட வேண்டும் என்றும், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி கூடாது என்றும் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளைக் காக்கப் பாடுபடும் அமெரிக்க அமைப்பான சீக்காலஜி 2015இல் தன் பரிசை வழங்கிற்று.

பாருங்கள்! எந்தப் பெண்களைக் கடலின் பகைவர்கள் என்று நினைத்தார்களோ, அந்தப் பெண்களிலிருந்தே கடலைக் காத்தவர் என்று ஒருவரை உலகம் கண்டெடுத்தது. விளைச்சலையும் இயற்கையையும் சேர்த்துக் காப்பது எப்படி என்ற பாடத்துக்கு அந்தப் பெண்களைவிட நல்ல பேராசிரியர் யார்? ஆனால் எந்தப் பல்கலைக் கழகம் அவர்களை மேடையேற்றி, அதற்கு ஊதியமும் கொடுத்து, ‘பாடம் நடத்துங்கள்’ என்றது?

கண்மாயும் ஒரு கல்லூரிதான்

கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாருங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை எல்லாம் பறவைகள் சரணாலயங்கள். முதலிரண்டும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறின. மற்ற இரண்டும் சேர்ந்த செய்தி 2025இல் வந்தது. வெளிநாட்டார் இவற்றை ஈரநிலம் என்பார்கள். நமக்குத் தெரிந்த பெயர் கண்மாய்.

இயற்கை தானே உண்டாக்கிய ஏரிகள் அல்ல இவை. மழைநீரைத் தேக்கிப் பயிர் செய்ய மனிதன் கரை கட்டி உண்டாக்கியவை. உழவன் கட்டிய கண்மாயிலே கருவேல மரம் வளர்ந்தது. மரத்திலே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டின. பறவையின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரமாயிற்று. பயிரும் பறவையும் ஒரே தண்ணீரில் வாழ்ந்தன. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்த, இன்று சிவகங்கை மாவட்டத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட மக்கள் வெடி போடுவதில்லை. எந்தச் சர்க்கார் அவர்களுக்குக் கட்டளையிட்டது? எந்த வெளிநாட்டு நிபுணர் அவர்களுக்கு வகுப்பெடுத்தார்?

ஆனால் இங்கேயும் முடிச்சு இருக்கிறது. கண்மாயில் வண்டல் மேடிட்டால் தண்ணீர் நிற்காது. விவசாயி தூர் வார வேண்டும் என்கிறான். சரணாலயமாயிற்றே, கூடுகட்டும் மரம் போய்விடுமே என்று வனத்துறை தயங்குகிறது. மழை பொய்த்தால் கண்மாயும் வறண்டு, பறவையும் வராது, பயிரும் விளையாது. மானாவாரியில் முண்டு மிளகாய் போட்டுப் பிழைக்கிறான் விவசாயி. அந்த இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் குறியீட்டைக் கரைத்துக் குடிக்க முடியுமா? கண்மாயில் தண்ணீர் வேண்டும்.

எப்போது தூர் வாருவது, எந்த மரத்தை விடுவது, எந்தப் பக்கம் வண்டல் எடுப்பது என்பதைப் பறவை அறிந்த மாணவனும், மண் அறிந்த விவசாயியும், மடை அறிந்த நீர்பாய்ச்சியும் ஒரே கரையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இதே முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்பதை அங்கிருந்து வரும் மாணவன் சொல்லட்டும். இங்கே எப்படி அவிழ்க்கிறோம் என்பதை நம் மாணவன் அங்கே போய்ச் சொல்லட்டும். அதுதான் பரிமாற்றம்.

சில எதிர்வாதங்கள்

‘வயிற்றுக்கே வழியில்லாதவன் பிள்ளைக்கு விமானப் பயணமா?’ என்று சிலர் கேலி செய்வார்கள். செல்வன் பிள்ளை வெளிநாடு போனால் படிப்பு. ஏழை பிள்ளை போனால் ஆடம்பரமா? அரபு நாடுகளுக்கு இந்தக் கரையிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் போயிருக்கிறார்கள். கூலிக்குப் போகும்போது யாரும் கேலி செய்யவில்லை. படிக்கப் போகும்போதுதான் தகுதி பார்க்கிறார்கள்!

‘ஆங்கிலம் தெரியாதே’ என்பார்கள். இங்கு வரும் பிரெஞ்சு மாணவனுக்குத் தமிழ் தெரிந்தா வருகிறான்? அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார் என்றால் நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். 2024இல் தமிழ்நாட்டு சர்க்கார் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பிற்று. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு அதுவே சான்று.

மத்திய சர்க்காரிடம் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம். தாழ்த்தப்பட்டோருக்கு 115, சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு ஆறு. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு எத்தனை தெரியுமா? நான்கு! இந்தியா முழுவதற்கும் நான்கு! மீனவத் தொழிலாளர் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கேட்டு ஆத்திரப்படாதவன் எதைக் கேட்டு ஆத்திரப்படுவான்?

இன்னொரு வாதம் உண்டு. இது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. நம் பக்கத்துக் கை சுத்தமா? இழுவை மடி இன்று நார்வேக்காரனுடையது அல்ல. நம் ஊர்ப் படகு முதலாளிகளுடையது. அதிலே கூலிக்கு ஏறுகிறவனும் நம் தொழிலாளியே. அந்த மடி அரிப்பது நம் கடலடியை மட்டுமல்ல. எதிர்க்கரைத் தமிழ் மீனவனின் கடலடியையும்தான். 2017இல் இலங்கை சட்டம் போட்டு அந்த முறையையே தடை செய்தது. படகு பிடிபட்டால் சிறை போகிறவன் கூலித் தொழிலாளி. வலை அறுந்தால் பட்டினி கிடப்பவன் மன்னார் மீனவன். இருவரும் உழைப்பாளிகள். இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்தி வைத்திருக்கிறது ஒரு தொழில்முறை.

பக்கத்து வீட்டு வெளிநாடு

ஆகவேதான் சொல்கிறோம்: நம் முதல் பரிமாற்றம் ஐரோப்பாவோடு தொடங்க வேண்டியதில்லை. தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஒரு வெளிநாடு இருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்தது. அதே கடல், அதே பவளம், அதே பாசி, அதே மொழி. அங்கே மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010இலேயே ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கேயும் கப்பாபைகஸ் பயிரிடுகிறார்கள். அங்கேயும் குளத்து நீரிலே நெல் விளைகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலே இருக்கிறது.

அந்த மாணவர்களும் இந்த மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்ததுண்டா? பத்து மன்னார் மாணவர்கள் பாம்பன் பாசிப் பெண்களின் வீட்டில் ஒரு மாதம் தங்கட்டும். பத்து இராமேசுவரத்து மாணவர்கள் மன்னாரின் மீனவர் வீட்டில் ஒரு மாதம் தங்கட்டும். அறுந்த வலையைக் கண்ணால் பார்க்கட்டும். சிறையிலிருந்து திரும்பியவனின் வீட்டையும் பார்க்கட்டும். மந்திரிகள் கூடிப் பேசித் தீராதது மாணவர் கூடியவுடன் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அந்த மேசையில் உட்காரப் போகிறவர்கள், ஒருவர் உப்பை ஒருவர் தின்றவர்களாக இருப்பார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். கப்பல் விட முடிந்தவர்களுக்கு வகுப்பறை திறக்க முடியாதா?

நாம் கேட்பது

நம் கோரிக்கை நான்கு.

ஒன்று: மன்னார் வளைகுடாவுக்கோ இராமநாதபுரம் கண்மாய்களுக்கோ வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் வருகிறார்களோ, அத்தனை பேர் இங்கிருந்து போக வேண்டும். அதில் பாதி இடமாவது மீனவர், பாசி எடுப்போர், கூலி விவசாயி, கரிமூட்டத் தொழிலாளி ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டு: நம் கரையில் நடக்கும் ஆராய்ச்சியின் முடிவு எதுவானாலும், தமிழிலே எழுதி, அந்த ஊர்க் கிராம சபையிலே படிக்கப்பட வேண்டும். படித்துக் காட்டாதவருக்கு அடுத்த அனுமதி கிடையாது.

மூன்று: பாடம் சொல்லும் உழைப்பாளிக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் வேண்டும். படகு வாடகையோடு கணக்கை முடித்துவிடக் கூடாது.

நான்கு: புதிய பயிரோ, புதிய பாசியோ, புதிய மீனோ இந்தக் கரைக்கு வருமுன், அது முன்பே போன நாட்டுக்கு நம் தொழிலாளிகளின் பிரதிநிதிகள் சென்று பார்த்து வர வேண்டும். தொண்டிப் பக்கம் வலமாவூரில் 2023இல் அடிக்கல் நாட்டிய கடற்பாசிப் பூங்கா ரூ.127 கோடித் திட்டம். அந்த நூற்றிருபத்தேழு கோடியில், நாலு பெண்களைப் பிலிப்பைன்ஸுக்கும் இந்தோனேசியாவுக்கும் அனுப்பி வரக் காசு இருக்காதா?

தோழர்களே! இவை தாமாக வந்து விழும் கனிகள் அல்ல. உங்கள் ஊர்க் கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர் வந்தால், மாலை போடுங்கள், வரவேற்புக் கொடுங்கள், நம் வீட்டுக் கஞ்சியும் மீன் குழம்பும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, கல்லூரி முதல்வரிடம் கேளுங்கள்: இங்கிருந்து போகிறவர் யார்? கிராம சபை கூடும் நாளில் எழுந்து நின்று கேளுங்கள்: நம் கண்மாயைப் பற்றி, நம் கடலைப் பற்றி எழுதிய அறிக்கை எங்கே? அதைத் தமிழில் படியுங்கள்! உதவித்தொகை விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று கிளை அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். பட்டம் முடித்த தொழிலாளி மகனையும் மகளையும் தேடிப் பிடித்து விண்ணப்பம் போட வையுங்கள். நான்கு இடம்தான் என்றால், அந்த நான்குக்கும் நானூறு விண்ணப்பம் போகட்டும். அப்போதுதான் நான்கு போதாது என்பது தில்லிக்கு உறைக்கும்.

கடலும் கண்மாயும் யாருக்கும் பிதுரார்ஜிதமல்ல. அவற்றைப் பற்றிய அறிவும் யாருக்கும் தனிச்சொத்தல்ல. இதுவரை இந்தச் சீமை உலகத்துக்கு மீன் கொடுத்தது, பாசி கொடுத்தது, மிளகாய் கொடுத்தது, ஆராய்ச்சிக்கு உயிரினமும் கொடுத்தது. இனி இந்தச் சீமையின் பிள்ளைகள் உலகத்துக்குப் பாடம் கொடுக்கவும் போகட்டும். உலகத்தின் பாடத்தைக் கொண்டுவரவும் போகட்டும். அந்த நாள் வரும்வரை, பரிமாற்றம் என்ற சொல்லை யார் சொன்னாலும், ‘போகிறவர் பட்டியல் எங்கே?’ என்று கேட்பது நம் கடமை.